கண்ணாடித் தொட்டியிற் கெளிற்று மீன்

வீட்டில் மீன் வளர்ப்போர் பலர், கெளிற்றினத்தைத் தொட்டியின் அடிக்கழிவை உண்ணும் ஏவலாளாகவே கருதுவர். இக்கருத்து எல்லாக் கெளிற்றுக்கும் பொருந்தாது. எம்நாட்டுக் குளங்களில் வாழும் தேளியை எடுத்துக்கொள்வோம். 30 சதமமீற்றர் வரை வளரும் இம்மீன் புழுவையும் இறாலையும் சிறுமீனையுமே பெரிதும் நாடுவது. பகலில் ஒடுங்கிக் கிடந்து இருட்டிய பின்னரே இரை தேடும். கண்ணினும் மீசையே அதற்கு வழிகாட்டி. சுவையறியும் உறுப்புக்கள் ஆங்குச் செறிந்துள்ளன. ஆதலின் விளக்கணைத்த பின்னரே இரையிடல் வேண்டும். மண்புழு மிக நன்று. தோலுரித்து நறுக்கிய இறாலும் ஆகும். ஆட்டிறைச்சிக் கொழுப்பு ஆகாது.

வளர்ந்த மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டாற் போதும். இரக்கத்தால் மிகுதியாக இடுவோரே தொட்டியைக் கெடுப்பவர். எஞ்சிய ஊன் அழுக, நீரில் அமோனியா பெருகும். வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்ல தேளி அதனைத் தாங்கிக் கிடக்கும். உடனுறையும் சிறுமீன்களோ மடியும். மடியாதவை இரவில் தேளிக்கு இரையாதலும் உண்டு!

புலால் புகாத இல்லத்துச் சிறுவர் சோற்றுப் பருக்கையிட்டு இதனை வளர்க்க எண்ணுவராயின், வேறு மீனைத் தெரிந்துகொள்க என்பதே நாம் கூறுவது. வளர்ப்போர் மிச்சத்தைக் காலையிற் குழாயால் உறிஞ்சி அகற்றுக. வெறுங்கையை நீரில் இடவேண்டாம். தேளியின் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சுண்டு.