சட்ட ஆராய்ச்சிக் கட்டுரை வரையுமாறு

ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவர் பலர்க்கு ஆராய்ச்சிக் கட்டுரை யென்னும் பெயரைக் கேட்டவளவிலே ஒருவகை அச்சந் தோன்றுவது இயல்பு. தேர்வுத்தாளில் வினாவைப் பிறர் விடுக்கின்றனர்; விடை முன்னரே நூல்களிற் கிடக்கின்றது. ஆராய்ச்சிக் கட்டுரையிலோ வினாவையும் மாணவனே காணவேண்டும். விடையையும் அவனே தேடவேண்டும். ஆசிரியர் வழியைக் காட்டுவர், நடப்பவன் மாணவனே. இத்தகைய கட்டுரை பல கலைகட்கும் பொதுவாயினும், சட்டக்கலையில் அது செல்லும் நெறியை ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றேன். தமிழ் பயில்வார்க்குச் சட்டத்தில் யாது வேலையென வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். மூலம், உரை, தடை, விடை, துணிபு என்னும் இவற்றைக் கொண்டே நம் உரையாசிரியர்கள் தந்தொழிலை நடத்தினர். சட்ட அறிஞரும் இவற்றைக் கொண்டே நடத்துகின்றனர். ஆதலின் இந்நெறி நமக்கு அயலான தன்று.

முதற்கண் வேண்டுவது வினா. 'பெண்களின் சொத்துரிமை' என்பது ஒரு பொருளின் பெயரேயன்றி வினா ஆகாது. அதனை எடுத்துக்கொண்டவன் பண்டை ஸ்மிருதிகளில் தொடங்கி இற்றைநாள்வரை ஓடி, ஓரிடத்தும் நில்லாது இளைப்பான். அதனைக் குறுக்குக: இந்தியாவிற் கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமை. இன்னுங் குறுக்குக: பழைய திருவிதாங்கூர் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமை. மேலும் ஒருபடி சென்று, '1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் நாளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததா?' என வினவுக. இப்பொழுதுதான் 'ஆம்' என்றேனும் 'இல்லை' என்றேனும் விடையிறுக்கத்தகும் வினா பிறந்தது. இது மிகச் சிறிய வினாவென்று இகழற்க. கேரளத்திலும், 1956 வரை திருவிதாங்கூரோடிருந்த கன்னியாகுமரிப் பகுதியிலும், கிறிஸ்தவப் பெண்மக்கள் தந்தையின் சொத்திற் பெறும் பங்கு இவ்வொரு வினாவின் விடையையே பற்றி நின்றது.

அடுத்தது மூலத்தை யடைதல். சட்டத்தைப்பற்றிப் பிறர் எழுதியவற்றை மட்டும் படித்துக் கட்டுரை வரைதல், திருக்குறளைப் பாராமற் பரிமேலழகரை ஆராய்தல் போலாம். மூலச்சட்டத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓதுதல் வேண்டும். திருவிதாங்கூர்ச் சட்டம் கொல்லம் ஆண்டு 1092இன் 2ஆம் சட்டமெனக் குறிக்கப்படுவது; ஆங்கில ஆண்டை மட்டும் அறிந்தோன் பழைய தொகுதிகளில் அதனைத் தேடி அலமரக்கூடும். அதன் 28ஆம் பிரிவின்படி, தந்தை மரணசாஸனம் எழுதாது இறந்தால், மகள் பெறுவது மகன் பங்கின் காற்பகுதி, அன்றேல் 5,000 ரூபாய். இவ்விரண்டனுள் எது குறைந்ததோ அதுவே. ஸ்திரீதனம் கொடுத்திருப்பினும், கொடுப்பதாக வாக்களித்திருப்பினும், அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்கு நிலம் வீடு முதலியவற்றில் வாழ்நாள் உரிமையே யுண்டு. அவள் மறுமணஞ் செய்துகொள்ளின் அதுவும் ஒழியும். இவ்வளவோடு ஏட்டை மூடியவன் ஒன்றைக் காணாது விடுவான். ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய லத்தீன் ரீதிக் கத்தோலிக்கர் சிலர்க்கும் புராட்டெஸ்டாண்டார் சிலர்க்கும் இப்பிரிவுகள் பொருந்தாவென அச்சட்டமே பின்னர் ஒரு விலக்குங் கூறுகின்றது.

இதனோடு ஒப்புநோக்கற்பாலது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, மனைவியும் மக்களும் இருக்க ஒருவன் மரணசாஸன மின்றி இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் ஆண்பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகச் சேரும். 90,000 ரூபாய் சொத்தும், மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்க. இச்சட்டப்படி மகளுக்கு 30,000 ரூபாய்; திருவிதாங்கூர்ச் சட்டப்படி 5,000 ரூபாய்க்கு மேற்படாது. இங்ஙனம் ஓர் எண்ணுதாரணம் காட்டுவது பல பக்க விரிவுரையினும் தெளிவு தரும்.

மூலத்தின்பின் வரலாறு. கிறிஸ்தவரானவர்க்கு எச்சட்டம் உரியதென்பது பழைய வழக்கே. பல்லாரியில் எழுந்த ஆபிரகாம் குடும்ப வழக்கில், மதம் மாறியவர் தம் பழைய வழக்கத்தைக் கைவிடவும் கைக்கொள்ளவுங் கூடுமென 1863இல் பிரிவி கௌன்ஸில் தீர்த்தது. 1865இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்து அத்தேர்வுக்கு இடமின்றிச் செய்தது. திருவிதாங்கூரோ சுதேச சமஸ்தானமாதலின் தனக்கெனத் தனிச்சட்டம் வகுத்தது. இவ்வரலாறு கட்டுரைக்கு வாயில் போன்றது. வாயிலே மாளிகையினும் பெரிதாகிவிடலாகாது.

இனித் தடை விடைகள். 1951இல் 'பி' வகுப்பு ராஜ்யங்களுக்கான சட்டமொன்றை நாடாளுமன்றம் இயற்றி, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை அந்நாடுகட்கும் பரப்பிற்று. அதற்கு இணையான உள்நாட்டுச் சட்டங்கள் ஒழிந்தன என்றும் 6ஆம் பிரிவிற் கூறிற்று. ஒரு சாரார், வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே 'அமலில் உள்ள வேறு சட்டம்' கூறுவதை விலக்கிவைத்திருத்தலின், திருவிதாங்கூர்ச் சட்டம் பிழைத்ததென்றனர். திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றம் இதனை யேற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சட்டம் ஒழிந்ததென்றார். பின்னர் வந்த இருவர் ஆயம் ஒழியவில்லை யென்றது. கோட்டயத்தில் ஆசிரியத்தொழில் புரிந்த மேரி ராய் அம்மையார் முதலியோர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986 பிப்ரவரி 24இல் முடிவு கூறிற்று. ஒழிக்கப்பட்ட சட்டம் அமலில் உள்ள சட்டமாகாது. அமலில் இல்லாததனை 29ஆம் பிரிவு காப்பதெங்ஙனம்? ஆதலின் 1951 ஏப்ரல் 1 முதலே மகளிர்க்குச் சமபங்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். முப்பத்தைந்தாண்டு சட்டத்திலிருந்த உரிமை அத்துணைக்காலமும் கைக்கு எட்டாதிருந்தது. சொற்பொருளாராய்ச்சி வெறும் ஏட்டுத்தொழில் என்பார் இதனை நோக்குக.

தீர்ப்பைப் படிக்குங்கால் துணிந்ததனையும் துணியாது விட்டதனையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. மகளிர்க்குக் குறைந்த பங்கு தருவது அரசியலமைப்பின் 14ஆம் விதி கூறும் சமத்துவத்துக்கு மாறா என்னும் வினாவும் அவ்வழக்கில் எழுந்தது. சட்டம் முன்னரே ஒழிந்ததென முடிந்தமையால், நீதிபதிகள் அவ்வினாவிற் புகவில்லை. 'ஆண்பெண் சமத்துவத்தை நிலைநாட்டி அச்சட்டத்தைத் தள்ளிய தீர்ப்பு' என்று எழுதுவோர், நீதிமன்றம் கூறாததனை அதன் வாயில் இடுகின்றனர்.

நீதிமன்றமே முடிவு கூறியபின் மாணவன் கூறுதற்கு யாதுளது? உளது. சமபங்கு என்பது மரணசாஸனம் எழுதாது இறந்தார் சொத்துக்கே. தந்தை விரும்பின் மகளை விலக்கிச் சாஸனம் எழுதுதல் இன்றும் கூடும். தனக்குரிய பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்து மகள் விடுதலைப் பத்திரம் எழுதித் தருதலும் கூடும். அங்ஙனமாயின் தீர்ப்பு தந்த உரிமை எத்துணைப் பெண்களின் கையில் உண்மையாகச் சேர்ந்தது? இதற்கு விடை சட்டத்தொகுதியில் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்திலும் குடும்பங்களிலும் உளது. பிறர் முடித்த இடத்திலிருந்து ஓரடி எடுத்துவைப்பதே மாணவன் ஆராய்ச்சி. அவ்வோரடி தன்னுடையதாயிருத்தல் வேண்டும்.

வரையும்போது நன்னூலார் கூறும் எழுவகை மதத்தை நினைவிற் கொள்ளுதல் நன்று. பிறர் கொள்கைக்கு உடன்படலும் மறுத்தலும், இருவர் மாறுபட்டவழி ஒன்றனைத் துணிதலும் அவற்றுள் அடங்கும். மறுக்கப்படும் கொள்கையை அதனை யுடையாரே மகிழுமாறு வலிமையுற எடுத்துக்கூறிப் பின்னரே மறுத்தல் வேண்டும். நோஞ்சானை வீழ்த்துவது மல்லாகாது. எக்கூற்றுக்கும் பிரிவெண்ணோ தீர்ப்பின் பக்கமோ காட்டுக. பிறர் கருத்தைப் பிறர் பெயராலேயே வழங்குக. தனக்கு மாறான தீர்ப்பை மறைத்தவன் வாதியின் வக்கீலாகலாம், ஆராய்ச்சியாளனாகான்.

நண்பர்காள், நம் கல்லூரியினின்று சட்டம் பயிலச் செல்வோர் ஆண்டுதோறும் உளர். அவருள் ஒருவரேனும் தம் ஊரில், தம் வீட்டில், தம் உடன்பிறந்தாளின் பங்கைப்பற்றிய ஒரு சிறுவினாவை யெடுத்து ஆராய்வாராயின், அக்கட்டுரை தேர்வாளர் மேசையோடு நின்றுவிடாது பிறர்க்கும் பயன்படும் என்பது திண்ணம்.