போர் லொறியைப் பேணும் பொழுதுபோக்கு

பொழுதுபோக்குகள் பலதிறப்பட்டவை. முத்திரை சேர்ப்போர் உளர்; பழைய நாணயம் தேடுவோர் உளர்; ரோஜாச் செடி வளர்த்து அதன் முகத்திலேயே காலையில் விழிப்போரும் உளர். இவையெல்லாம் ஓர் அலுமாரிக்குள்ளோ ஒரு முற்றத்துக்குள்ளோ அடங்கிவிடக்கூடியவை. ஆனால், வீட்டுக்குள்ளும் அடங்காத, சில வேளைகளில் வீதிக்குள்ளும் அடங்காத பொருளொன்றை விரும்பிப் பேணுவோரும் உலகில் பல்லாயிரவர் இருக்கின்றனர். அவர்கள் பேணுவது படைகளிலிருந்து ஓய்வுபெற்ற பழைய கனரக லொறிகளையாகும்.

இந்த ஆசையின் அளவை அறிய, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிகப் பெயர்பெற்ற அமெரிக்க ஜீ.எம்.சி. லொறியை எடுத்துக்கொள்ளலாம். 1941 முதல் 1945 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட இவ்வாகனம் இரண்டரைத் தொன் சுமையைப் பாதையற்ற நிலத்திலும் இழுத்துச் செல்லும்படி அமைக்கப்பட்டது. முன்னால் இரண்டு, பின்னால் எட்டு என அதற்குப் பத்து டயர்கள். எஞ்சினின் ஆற்றல் முன் அச்சுக்கும் பின்னுள்ள இரு அச்சுகளுக்கும் செல்லும். நீளம் ஏறத்தாழ இருபத்திரண்டரை அடி. அகலம் ஏழடிக்கு மேல். வெள்ளவத்தையில் காணி வாங்க முயன்றவர்கள் இக்கணக்கை உடனே விளங்கிக்கொள்வர்: ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி, இந்த லொறி சும்மா நிற்பதற்கே அரைப் பேர்ச்சுக்கும் கூடுதலான நிலம் வேண்டும். அதன் கதவைத் திறந்து இறங்கவும், அடியில் படுத்து வேலை செய்யவும் தேவைப்படும் இடம் இதிற் சேராது. மாடிவீடுகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலோ, கொட்டாஞ்சேனையின் குறுகிய தெருக்களிலோ இத்தகைய விருந்தாளிக்கு இடமளிப்பது எளிதன்று.

பின், மனிதர் ஏன் இதனை விரும்புகின்றனர்? அதனை அறிய, இவ்வாகனங்கள் செய்த வேலையை அறிதல் வேண்டும். போர் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் உணவும் எரிபொருளும் மருந்தும் வந்து சேராத படை ஒரு வாரங்கூட நிலைக்காது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் நடைபெற்ற பெரும் விநியோக ஓட்டத்திலே, உச்ச நிலையில் ஏறத்தாழ 6,000 வாகனங்கள் இரவு பகலாக ஓடி, நாளொன்றுக்கு 12,500 தொன் பொருள்களைச் சேர்ப்பித்தன. அவற்றை ஓட்டியோருட் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர். வரலாற்று நூல்கள் நெடுங்காலம் அவர்களை மறந்திருந்தன. ஒரு லொறியைப் பேணுதல் இத்தகைய பெயரற்ற உழைப்பாளரை நினைவிற் பேணுதலுமாகும் என்று இவ்வார்வலர் கூறுவர்.

இலங்கைக்கும் அப்போர் அயலானதன்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள்களின் பின் திருகோணமலையும் தாக்குதலுக்குள்ளாயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அத்தலைமையகத்தின் பார்வைக்குட்பட்ட பர்மிய மலைகளினூடாகத்தான் லீடோ பாதை வெட்டப்பட்டது. அசாமின் லீடோவிலிருந்து சீனாவின் குன்மிங் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். 1945 ஜனவரி 12ஆம் திகதி லீடோவிலிருந்து புறப்பட்ட முதல் வாகன அணி, பெப்ரவரி 4ஆம் திகதியே குன்மிங் நகரை அடைந்தது. சேறும் செங்குத்தும் நிறைந்த அப்பாதையில் இவ்வகை லொறிகள் பெற்ற பேரே, பின்னாளில் அவற்றைத் தேடுவோரின் ஆவலுக்கு ஒரு காரணமாயிற்று.

போர் முடிந்தபின் உலகெங்கும் இவ்வாகனங்கள் இலட்சக்கணக்கில் மிஞ்சின. மக்கள் அவற்றை வீணாக்கவில்லை. மணிலாவிலே கைவிடப்பட்ட ஜீப்புகள் நீட்டப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, ‘ஜீப்னி’ என்னும் மக்கள் வண்டிகளாயின. பர்மாவிலே கனடாவிற் செய்யப்பட்ட படை லொறிகள் பஸ்களாக மாறிப் பல்லாண்டுகள் ஓடின. பிரித்தானியாவிலே பீரங்கி இழுத்த ‘மற்றடோர்’ லொறிகள் காடுகளில் மரமிழுக்கவும், பழுதுற்ற வாகனங்களை மீட்கவும் பயன்பட்டன. அந்நாட்டின் மொரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலாளர் தமது பண்ணையிலே பழைய ஜீப் ஒன்றை ஓட்டிய அனுபவத்திலிருந்துதான், 1948இல் வெளிவந்த லாண்ட் ரோவர் பிறந்தது. இவ்வாறு உழைத்து உழைத்துத் தேய்ந்தவை இரும்புக் கடைக்குச் செல்லத் தொடங்கிய காலத்திலேயே, இவற்றைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் சிலர்க்கு உண்டாயிற்று. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு படை வாகனப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. 1919இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 62 நாள்களிற் சென்ற படை வாகன அணியின் வழியை, அச்சங்கத்தினர் 2009இல் பழைய வாகனங்களிலேயே மீண்டும் கடந்தனர். முதற் பயணத்திற் பங்குகொண்டவருள் ஒருவர், பின்னர் அந்நாட்டின் தலைவராகிப் பெருந்தெருக்கள் அமைத்த ஐசனோவர் ஆவார்.

இனி, பேணும் முறையைக் காண்போம். பழைய லொறிக்கு முதற் பகை ஓட்டமன்று, ஓய்வே. நெடுநாள் நின்ற வாகனத்தின் பெற்றோல் தொட்டியிலே எரிபொருள் கெட்டுப் பசைபோலாகிக் குழாய்களை அடைக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, உருளைகளை உள்ளிருந்தே துருவேற்றும். ஆகவே, வாங்கிய அன்றே எஞ்சினை உயிர்ப்பிக்க முனைவது அறியாமை. முதலில் கையாற் சுழற்றி உள்ளுறுப்புகள் இறுகவில்லை என்பதை உறுதிசெய்து, எண்ணெய் மாற்றி, தொட்டியைக் கழுவி, பிரேக்கைச் சீர்செய்த பின்னரே சாவியைத் தொடவேண்டும். ஓடத் தொடங்காத லொறியால் ஆபத்துக் குறைவு. நிற்க மறுக்கும் லொறியே ஆபத்தானது. கொழும்புக் கடற்கரையை அடுத்து வாழ்வோருக்கு இன்னுமொரு பகை உண்டு. உப்புக் காற்று மறைவான மூலைகளிலே புகுந்து இரும்பைத் தின்னும். மாதந்தோறும் நன்னீராற் கழுவி உலர்த்தி, எண்ணெய் பூசாவிடின் பூச்சுக்கு மேலே அழகும் கீழே பொடியுமாக வாகனம் நிற்கும்.

ஓட்டுவதும் தனிக் கலையே. இக்காலக் காரில் உள்ளதுபோற் பற்சக்கரங்களை இணக்கிவைக்கும் அமைப்பு அவற்றில் இல்லை. கியரைக் குறைக்கும்போது கிளச்சை ஒருமுறை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் கிளச்சை மிதித்துக் கியரைச் சேர்க்கவேண்டும். காதும் காலும் ஒத்துழைத்தாற் சத்தமின்றிச் சேரும். இல்லையேல் பற்கள் அரைபடும் ஓசை தெருமுனை வரை கேட்கும்.

எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டுவது சக்கரத்திலே. பிரித்தானிய, கனேடியப் படை வாகனங்கள் பலவற்றின் சக்கர விளிம்பு இரு பாதிகளாகச் செய்து திருகாணிகளால் இணைக்கப்பட்டது. டயரில் காற்று இருக்கும்போது அத்திருகாணிகளைக் கழற்றினால், இரும்புப் பாதி குண்டுபோற் பாய்ந்து உயிரைக் குடிக்கும். அதனாற்றான் படையினர் அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி வைத்தனர். பிந்திய உரிமையாளர் அழகுக்காக முழுச் சக்கரத்துக்கும் ஒரே பச்சை வண்ணம் பூசிவிட்டால், அச்சிவப்பு எச்சரிக்கை மறைந்துவிடும். பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதன் தூசியை ஊதித் தட்டலாகாது. இருளில் ஒளிரும் பழைய அளவுமானி முகப்புகள் சிலவற்றில் ரேடியம் பூசப்பட்டுள்ளது, அவற்றைச் சுரண்டலாகாது.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை நினைவுக்கு வரும். எனினும் எண்பது ஆண்டுப் பழமையான லொறிக்குரிய பற்சக்கரம் அங்குங்கூடத் தயாராகத் தொங்குவதில்லை. கொழும்பு மக்கள் ‘பாஸ்’ என்று மரியாதையுடன் அழைக்கும் கைவினைஞர், கடைசல் இயந்திரத்தில் நின்று, தேய்ந்த பழைய துண்டைப் பார்த்துப் புதியதைச் செய்து தரவேண்டியிருக்கும். அவருடைய அறிவு பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. விரல் நுனியிலே இருக்கிறது. உண்மையில், இப்பொழுதுபோக்கில் அழிவை எதிர்நோக்கி நிற்பது இரும்பன்று, அவ்வறிவே.

அவ்வறிவின் மதிப்பை யாழ்ப்பாணம் நன்கறியும். 1990களின் முற்பகுதியிலே, எரிபொருள் தடையினால் அங்கு பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது ஒஸ்ரின், மொரிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாகையால் தாழ்ந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. போர்க்கால லொறிகளின் எஞ்சின்களும் இக்குணம் உடையவையே. அக்காலத்தில் நோயாளியையும் கர்ப்பிணியையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வண்டிகள் இவ்வாறு ஓடியவையே. அங்கே பழைய வண்டியைப் பேணுதல் பொழுதுபோக்காக இருக்கவில்லை. உயிர்காக்கும் தொழிலாக இருந்தது.

அவ்வெளிய எஞ்சினுக்குப் பசியோ பெரிது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது, கியூ.ஆர். அட்டை முறையில் கார் ஒன்றுக்கு முதலில் வாரத்துக்கு 20 லீற்றர் வழங்கப்பட்டது. மேற்கூறிய ஜீ.எம்.சி. லொறிக்கு அவ்வளவு பெற்றோல் ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் ஓட்டத்துக்கே போதும். கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குச் சென்று திரும்பவும் காணாது. எனவே இது செல்வத்தை மாத்திரமன்றித் தன்னடக்கத்தையும் வேண்டும் பொழுதுபோக்கு. ஆண்டிற் சில நாளே ஓடி, மற்ற நாளெல்லாம் பேணப்படுவதே இவ்வண்டிகளின் விதி. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் ஆடி வேல் விழாவில் வரும் இரதத்தை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரு நாளைய பவனிக்குப் பின்னே ஓராண்டின் பராமரிப்பு நிற்கிறது.

இறுதியாக ஒரு கேள்வி எழுகிறது; அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. 2009 வரை நீண்ட போரைக் கண்ட இந்நாட்டிலே, படை லொறி ஒன்றின் உருவம் எல்லார் மனத்திலும் ஒரே உணர்ச்சியை எழுப்புமா? எழுப்பாது. ஒருவருக்கு அது இளமையின் வியப்பு. இன்னொருவருக்கு நள்ளிரவில் வாசலில் நின்ற ஓசை. ஆகவே, இத்தகைய வாகனத்தைப் பேணுபவர் அதைப் பெருமிதத்தின் சின்னமாகத் தெருவில் உறுமவிடலாகாது. அதன் வரலாற்றை முழுமையாக, அது சுமந்த துயரத்தையும் சேர்த்து, கேட்போர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். பழைய வானூர்திகளையும் வாகனங்களையும் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்துள்ள இரத்மலானை விமானப்படை அரும்பொருட்சாலைபோன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் அக்கடமை உண்டு.

இவ்வாசையுள்ள இளைஞர் லொறியிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. வீட்டிலுள்ள பழைய மோட்டார்ச் சைக்கிளோ, பாட்டனாரின் காரோ போதும். அருகிலுள்ள கராஜில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் சில சனிக்கிழமைகள் மாணவராய் நின்று, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாராயின், அதுவே முதற் சேகரிப்பு. இரும்பை விலைகொடுத்து வாங்கலாம். அவர் கையிலுள்ள கலையை அவர் இருக்கும்போது மட்டுமே பெறலாம்.