புது லக்ஷரி எஸ்யூவியில் பிரேக் 'கிரீச்' சத்தம்: எப்போது விட்டுவிடலாம், எப்போது வண்டியை நிறுத்த வேண்டும்?

80 லட்ச ரூபாய் கார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. ஐதராபாத் மாதாப்பூர் சிக்னலில் மெதுவாக பிரேக்கை மிதிக்கிறீர்கள், 'கிரீச்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, "இது நார்மல்தான் சார்". இன்னொன்று, "பேடு, டிஸ்க் எல்லாம் மாத்திடலாம் சார்".

முதல் பதில் பல நேரம் உண்மைதான். இரண்டாவது பதிலை ஒப்புக்கொண்டால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பில் லட்சத்தைத் தாண்டலாம். உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பதை, சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம்.

விலை கூடின காரில் ஏன் சத்தம்?

பிரேக் செய்யும் வேலை, வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. ஒரு சின்ன கணக்கு போடுவோம். 2,300 கிலோ எடையுள்ள எஸ்யூவி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 8.9 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். 920 கிலோ ஹேட்ச்பேக்குக்கு இதே கணக்கு போட்டால் 3.5 லட்சம் ஜூல்தான் வரும். பெரிய வண்டி நிற்கும்போது அவ்வளவு சூட்டையும் உள்ளங்கை அளவுள்ள சில பேடுகளும் நான்கு டிஸ்க்குகளும் தாங்கியாக வேண்டும்.

அதனால்தான் ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் உலோக இழை கலந்த 'லோ மெட்டாலிக்' பேடுகளைப் போடுகின்றன. வேகத்தடையே இல்லாத ஜெர்மன் ஆட்டோபானில் 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினாலும் பிடி தளராது. நம்மூர் குடும்பக் கார்களில் பரவலாக இருப்பவை உலோகம் குறைவான, மென்மையான ஆர்கானிக் பேடுகள். அவை சத்தமும் தூசியும் குறைவாகத் தரும், ஆனால் கடும் சூட்டில் பிடி குறையும். ஜெர்மன் காரின் அலாய் வீலில் இரண்டே நாளில் கருப்புத் தூசி படிகிறதே, அதுவும் இந்த லோ மெட்டாலிக் பேடு செய்யும் வேலைதான். (அந்தத் தூசியைக் குறைக்கவே போர்ஷே 2017-ல் கயேன் மாடலுக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கைக் கொண்டுவந்தது.)

சரி, சத்தம் எப்படிப் பிறக்கிறது? வயலினை நினைத்துக்கொள்ளுங்கள். வில், தந்தியைப் பிடித்து இழுக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். பேடும் டிஸ்க்கை இப்படித்தான் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பிடித்து விடுகிறது. அந்த அதிர்வு டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் கணத்தில் டிஸ்க் ஒரு தாளம் போல ஒலிக்கும். இந்தச் சத்தம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுவதால்தான் சின்ன அதிர்வுகூட அவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

இங்கேதான் ஐதராபாத் உள்ளே வருகிறது. பிடி வலுவான பேடு, ஆனால் கச்சிபௌலியிலிருந்து ஹைடெக் சிட்டி வரை 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டுகிறோம். ஜூபிலி ஹில்ஸ் இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறோம். குறைந்த வேகம், லேசான அழுத்தம்: கிரீச் சத்தத்துக்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். மெக்கானிக்குகள் இதை 'கிளேஸ் ஆயிடுச்சு' என்பார்கள். கோகாபேட், தெல்லாபூர் பக்கம் வீடு என்றால் கட்டுமானத் தூசியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சத்தம், என்ன அர்த்தம்?

காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் மட்டும் கரகரத்து, பிறகு அடங்கிவிடுகிறதா? வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் ஒரே ராத்திரியில் படிந்த மெல்லிய துரு அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இது சகஜம். அபார்ட்மென்டில் தினமும் காரைக் கழுவிவிட்டு அப்படியே நிறுத்துகிறவர்களுக்கு எல்லா மாதமும் சகஜம். எலெக்ட்ரிக் எஸ்யூவியில் இது இன்னும் கூடும். காரணம், வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க் தேய்ந்து சுத்தமாக வாய்ப்பே இல்லை.

சிக்னலில் ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை மெல்ல விடும்போது 'குர்ர்ர்' என்று முனகினால் அது வேறு வகை. கியர் வண்டியை முன்னால் தள்ளுகிறது, பேடு பாதி பிடித்திருக்கிறது. இதில் ஆபத்து இல்லை.

மெதுவாக மிதித்தால் கிரீச், அழுத்தி மிதித்தால் சத்தமே இல்லை என்றால் மேலே சொன்ன வயலின் கதைதான். எரிச்சல் உண்டு, பிரேக் வேலை செய்யும்.

இனி சொல்லப்போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக்கைத் தொடாமலேயே ஒரு சக்கரத்திலிருந்து விடாமல் சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் சிக்கியிருக்கலாம், இல்லையென்றால் காலிப்பர் இறுகியிருக்கலாம். அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகல் வாடை வருகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் காலிப்பர்தான். ஒவ்வொரு மிதிக்கும் 'கரக்... கரக்' என்று இரும்பு அரைபடும் சத்தம் கேட்டால் பேடு முழுக்கத் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தின்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், டோ செய்யச் சொல்லுங்கள்.

"டேஷ்போர்டில் வார்னிங் வரலையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல லக்ஷரி கார்களில் பேடு சென்சார் முன்னால் ஒரு சக்கரத்திலும் பின்னால் ஒரு சக்கரத்திலும்தான் இருக்கும். மற்ற இரண்டில் பேடு சீரில்லாமல் தேய்ந்தால் சென்சாருக்குத் தெரியாது.

பெரிய பிரேக் கோளாறுகள் பல நேரம் கிரீச் சத்தமே போடாது. 2022-ல் மெர்சிடிஸ் பென்ஸ் உலகம் முழுக்க சுமார் 10 லட்சம் பழைய கார்களைத் திரும்ப அழைத்தது. 2004 முதல் 2015 வரை தயாரான எம்எல், ஜிஎல் எஸ்யூவிகளும் ஆர் கிளாஸும் அதில் அடக்கம். பிரேக் பூஸ்டரில் ஈரம் புகுந்து துருப்பிடித்ததுதான் பிரச்னை. அமெரிக்காவில் அந்த உரிமையாளர்களிடம் வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னார்கள். அறிகுறி, பெடல் மிதிக்கும் உணர்வில் மாற்றம், மிதிக்கும்போது காற்று சீறுவது போன்ற ஒலி. 2024 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ, கான்டினென்டல் தயாரித்த பிரேக் அமைப்பில் கோளாறு என்று 15 லட்சம் கார்களைப் பற்றி அறிவித்தது. ஆக, காதை மட்டும் நம்பாதீர்கள், காலையும் நம்புங்கள். பெடல் இறுகினாலோ, வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

முதலில் அளவு. "பேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு?" என்று நான்கு சக்கரத்துக்கும், உள்பக்க, வெளிப்பக்க பேடு இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். புது பேடு பொதுவாக 10 மி.மீ.-க்கு மேல் இருக்கும், 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டிய நேரம். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து எண்ணைச் சொல்லாமல் "டிஸ்க் போயிடுச்சு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாற்றுவதற்கு முன்னால் செய்யக்கூடிய மலிவான வேலைகள் இருக்கின்றன. காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஸ்லைடு பின்னுக்கு அதற்கென உள்ள கிரீஸ் போடுவது, பேடுக்குப் பின்னால் இருக்கும் அதிர்வு தாங்கும் ஷிம் தகட்டைப் பார்ப்பது, வழவழத்த பேடின் முகத்தை லேசாகத் தேய்த்துவிடுவது. நிறைய கிரீச் சத்தம் இதிலேயே அடங்கிவிடும். யாராவது யூடியூப் பார்த்துவிட்டு டிஸ்க்கில் ஆயில் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னால், தயவுசெய்து வேண்டாம். சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும். டயர் பாலிஷ் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி கார் கழுவுகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.

புது பேடு போட்டால் அதை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். காலியான நேராக உள்ள சாலையில், பின்னால் யாரும் இல்லாதபோது, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை, சூடு ஆற இடைவெளி விட்டு, சீராக அழுத்திக் குறைக்கலாம். உங்கள் மேனுவல் வேறு முறை சொன்னால் அதுதான் கணக்கு. ஞாயிறு அதிகாலை ஒரு சர்வீஸ் ரோடு போதும், அவுட்டர் ரிங் ரோட்டில் மட்டும் செய்துவிடாதீர்கள்.

வெளிக்கடை பேடு வாங்கலாமா? சத்தம் குறையலாம். ஆனால் இரண்டு டன் வண்டிக்கு விலையை மட்டும் பார்த்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தபட்சம் 'ஈசிஇ ஆர்90' சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று பேடின் பிரேக் திறன் ஒரிஜினலோடு 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது அந்த ஐரோப்பிய விதி.

இன்னொரு கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை: "இந்த மாடலுக்கு பிரேக் சத்தம் பத்தி டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் வந்திருக்கா?" அறிந்த கோளாறுகளைச் சரிசெய்ய நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் குறிப்பு அது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ இவற்றைத் தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உங்கள் மாடல் அங்கேயும் விற்பனையாகிறது என்றால் ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். இந்திய வண்டியில் பாகம் மாறலாம்தான். ஆனாலும் கையில் ஒரு புல்லட்டினோடு போனால் பேச்சே வேறு.

அப்படியும் தீரவில்லை என்றால்?

பேடு தேய்மானப் பொருள், பொதுவாக வாரன்டியில் வராது. ஆனால் தேய்மானமே இல்லாத புது வண்டியில் திரும்பத் திரும்ப அதே புகார் என்றால் அதைக் குறைபாடு என்று வாதிட இடம் இருக்கிறது. அதற்கு ஜாப் கார்டு முக்கியம். ஒவ்வொரு முறையும் உங்கள் புகார், உங்கள் வார்த்தையிலேயே, கிலோமீட்டரோடு எழுதப்பட வேண்டும். சத்தத்தை வீடியோ எடுங்கள், அட்வைசரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். 2021 டிசம்பர் முதல், நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். எனவே 80 லட்ச ரூபாய் கார் நேராக தெலங்கானா மாநில ஆணையத்துக்குத்தான் போகும்.

நேரம் பற்றி மட்டும் கனவு காணாதீர்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஒரு நிறுவனம் 2009 செப்டம்பர் 25-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வாங்கியது. நான்கே நாளில் கோளாறு தெரிந்தது. விவகாரம் போலீஸ் புகார் வரை போனது. 2012-ல் உயர் நீதிமன்றம் குற்ற வழக்கை ரத்து செய்து, புது கார் கொடுக்கச் சொன்னது. வாங்கியவர்கள் கார் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் 2024 ஜூலை 10-ல் 50 லட்ச ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கார் வாங்கி அப்போது ஏறக்குறைய 15 ஆண்டுகள்.