தீவுகளின் வளமும் பொதுப் பணிகளின் சுமையும்

தொலைதூரத் தீவு ஒன்றில் எண்ணெயோ கனிமமோ கண்டறியப்பட்டால் வருவாய் பெருகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வருவாய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே தொழிலாளர்கள் வந்து சேர்ந்துவிடுகின்றனர். குடிநீரும் மருத்துவமும் வீடும் அவர்களுக்கு அன்றே தேவை. பெருநிலப்பரப்பில் பக்கத்து மாவட்டத்தின் மருத்துவமனை கைகொடுக்கும். தீவில் அதற்கு வழியில்லை. இந்தக் கால இடைவெளியே சிக்கலின் வேர் எனலாம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 1971-ல் அங்குச் சுமார் 17,000 பேர் வாழ்ந்தனர். அவ்வாண்டிலேயே அருகிலுள்ள கடலில் பிரென்ட் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. சல்லம் வோ என்னுமிடத்தில் எண்ணெய் முனையம் கட்டப் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தனர். 1978-ல்தான் முதல் எண்ணெய் அங்கு வந்தது. அதற்குள் மீன் பதனிடும் தொழிலிலிருந்தும் பின்னலாடைத் தொழிலிலிருந்தும் உள்ளூர் மக்கள் கூடுதல் கூலியை நாடிச் சென்றனர். எனினும், 1974-ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் கையகப்படுத்தவும், துறைமுகத்தை நிர்வகிக்கவும், சேமநிதி அமைக்கவும் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே அதிகாரம் அளித்திருந்தது. எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து பெற்ற தொகை பின்னர் முதியோர் நலனுக்கும் பொது வசதிகளுக்கும் பயன்பட்டது.

நமது அந்தமான் நிகோபார் தீவுகளில் குடியேற்றமும் மரத்தொழிலும் அரசுப் பணிகளும் மக்களை ஈர்த்தன. 1951-ல் சுமார் 31,000 ஆக இருந்த மக்கள் தொகை 1981-ல் 1,88,000-ஐத் தாண்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், சரிவான நிலத்தில் நீர் விரைந்து கடலைச் சேர்வதால், 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட தலைநகரம் கோடையில் தணிகாரி அணையின் இருப்பைப் பங்கிட்டே காலம் கழித்து வந்துள்ளது.

2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய நிகோபார் திட்டம் கனிமத்தைச் சார்ந்ததன்று. துறைமுகத்தையும் நகரியத்தையும் சார்ந்தது. ஆயினும் சுமை ஒன்றே. 2011-ல் சுமார் 8,000 பேர் வாழ்ந்த அத்தீவில், முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 3.5 லட்சம் பேர் இருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது. நிக்கோபாரிகளும் ஷோம்பென் மக்களும் அங்கேயே வாழ்பவர்கள்.

ஆகவே மூன்று செயல்கள் இன்றியமையாதவை. நீர்த்தேக்கமும் மருத்துவமனையும் தொழிலாளர் முகாமுக்கு முன்பே அமைதல் வேண்டும். பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்படும் கணக்கை மட்டும் நம்பாது, தற்காலிகத் தொழிலாளரையும் சேர்த்தே ஒதுக்கீடு கணிக்கப்பட வேண்டும். வருவாயில் ஒரு பங்கு தீவு மக்களின் பொறுப்பில் சேமநிதியாக நிற்க வேண்டும். வளம் ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடலாம். மக்கள் அங்கேயே இருப்பார்கள்.