கழிவிலிருந்து தீவனம்: பூச்சி வளர்ப்பில் இறங்குமுன் அறிய வேண்டியவை

கோழிக்குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துப் போடும் வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுங்காலமாக உண்டு. பழைய மண்பானையில் வைக்கோலும் காய்ந்த சாணமும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். பட்டு நூற்பில் மிஞ்சும் கூட்டுப்புழுவும் தீவனமாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஆகவே, பூச்சியைத் தீவனமாக்குவது நமக்குப் புதிதன்று. அதனைத் தொழிலாக நடத்துவதே புதிது.

ஹைதராபாத் பாலாநகர் தொழிற்பகுதியில் உள்ள எமது வாடிக்கையாளர்கள் சிலர், இத்தொழிலுக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்கின்றனர். அவர்களுக்கான விளக்கமே இக்கட்டுரை.

எந்தப் பூச்சி?

தீவனத்திற்காகப் பெரிதும் வளர்க்கப்படுவது 'கருப்பு சிப்பாய் ஈ'. வீட்டு ஈயைப் போல இது உணவின் மீது மொய்ப்பதில்லை. வளர்ந்த ஈ சில நாட்களே வாழ்கிறது, இரை உண்பதில்லை. பெண் ஈ ஏறத்தாழ 500 முட்டைகள் இடும். புழுக்கள் காய்கறி, பழக் கழிவுகளைத் தின்று இரண்டு வாரங்களில் அறுவடைக்கு வருகின்றன. உலர்ந்த புழுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் உள்ளது, கொழுப்பும் மிகுதி. எஞ்சும் கசடு எருவாகும்.

தேவை ஏன்?

கோழித் தீவனத்தின் புரதம் பெரும்பாலும் சோயாப் பிண்ணாக்கிலிருந்தும், மீன், இறால் தீவனத்தின் புரதம் கணிசமான அளவில் மீன்தூளிலிருந்தும் வருகிறது. மீன்தூளுக்காகக் கடலின் சிறுமீன்கள் பிடிக்கப்படுகின்றன. விலையும் நிலையாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் மீன் தீவனத்திலும், 2021இல் கோழி, பன்றித் தீவனங்களிலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. நம் நாட்டில், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இறால், மீன் தீவனங்களில் இதனை ஆராய்ந்து வருகிறது.

கணக்கு என்ன?

ஒரு டன் ஈரக் கழிவிலிருந்து பொதுவாக 100 முதல் 200 கிலோ உயிர்ப்புழு கிடைக்கும். உலர்த்தினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 முதல் 65 கிலோ வரையே மிஞ்சும். 'டன் கணக்கில் கழிவு இலவசம்' என்று தொடங்குவோர் இந்த இறுதி எடையையே வருவாயின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். உலர்த்தும் எரிபொருள், கழிவை ஏற்றிவரும் வண்டி, பிரித்தெடுக்கும் கூலி ஆகியவை செலவில் சேரும்.

கழிவும் எப்போதும் இலவசமாகக் கிடைக்கும் என்று கொள்ளலாகாது. பாலாநகருக்கு அருகிலுள்ள போயின்பல்லி காய்கறிச் சந்தையின் கழிவு, இந்திய வேதித்தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில்நுட்பத்தால் எரிவாயுவாகவும் மின்சாரமாகவும் மாற்றப்படுகிறது. பயன் உள்ள கழிவுக்குப் போட்டியும் உண்டு. எனவே, தொடர்ந்து கழிவு தருவோரிடம் எழுத்து வடிவில் உடன்படிக்கை பெறுதல் நலம்.

தொழிற்பகுதியில் இன்னுமொரு எச்சரிக்கை தேவை. காட்மியம் போன்ற உலோகங்கள் புழுவின் உடலில் சேரக்கூடியவை. ஆலைக் கழிவு கலந்த குப்பையை இதற்குப் பயன்படுத்தலாகாது. புழுவுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை. நகரின் கோடை 40 பாகையைத் தாண்டுவதால் குளிர்விக்கும் ஏற்பாட்டிற்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

கடன் கேட்கும் முன்

2020இல் மத்திய அரசு அறிவித்த கால்நடை பராமரிப்பு உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியின் கீழ், கால்நடைத் தீவன ஆலை போன்றவற்றுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. பூச்சி வளர்ப்புத் திட்டம் எதுவும் தானாகவே இதற்குத் தகுதி பெற்றுவிடாது; திட்ட அறிக்கையைப் பார்த்தே முடிவு செய்யப்படும். அந்த அறிக்கையில் நாம் முதலில் தேடுவன மூன்று: கழிவு எங்கிருந்து வரும்? உலர்புழுவை வாங்குபவர் யார்? அவர் தரும் விலையில் தவணை கட்ட இயலுமா?

இரண்டாம் கேள்விக்கு, 'முட்டை விற்ற நிறுவனமே புழுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்' என்பது போதுமான விடையன்று. 2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பறவைகள் நன்றாகவே வளர்ந்தன. அவற்றை வாங்கச் சந்தைதான் இல்லை. பெருமுதலீடும் காப்பாகாது: பல நூறு மில்லியன் டாலர் திரட்டிய பிரான்சின் 'யின்செக்ட்' நிறுவனம்கூட 2025இல் திவால் நடைமுறைக்கு உள்ளானது.

ஆகவே, வீட்டை அடமானம் வைத்துப் பெரிய கூடம் கட்டுவதற்கு முன், சொந்தச் சேமிப்பில் சில தொட்டிகளுடன் ஓராண்டு நடத்திப் பார்ப்பது அறிவுடைமை. சொந்தக் கோழிப்பண்ணையோ மீன்குளமோ உடையவர்களுக்கு இது எளிது. உயிர்ப்புழுவை உலர்த்தாமலேயே இரையின் ஒரு பகுதியாக இடலாம், விற்பனைக் கவலையும் இல்லை. ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்த வரவு செலவுக் குறிப்பேட்டுடன் கிளைக்கு வாருங்கள். கடனைப் பற்றிய நம் உரையாடல் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே தொடங்கட்டும்.