வலியின்றி வரும் காமாலை

மறைவிடத்தில் ஓர் அவயவம்

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் கணையம், 15 சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளதாயினும், உணவைச் செரிக்கவைக்கும் நீரையும், இரத்தத்தின் சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் ஒருங்கே அளித்து வருகிறது. வைத்தியர் கைவைத்து அமுக்கினாலும் எட்டாத ஆழத்தில் அது இருப்பதனால், அங்கே தோன்றிய புற்று அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைப் பற்றிக்கொள்ளும் வரையில் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. மேல்வயிற்றில் மந்தம், முதுகுக்குப் பரவும் வலி, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை வந்தாலும், வாயு என்றும் அல்சர் என்றும் மாத்திரை தின்றே மாதங்கள் போய்விடுகின்றன.

கண்ணில் தெரியும் எச்சரிக்கை

பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதி வழியாகச் செல்கிறபடியால், அங்கே புற்று வளர்ந்து நாளத்தை நெருக்கும்போது, குடலுக்கு இறங்க வழியற்ற பித்தம் இரத்தத்தில் கலந்து காமாலையாக வெளிப்படுகிறது. காலை வெளிச்சத்தில் காபி கொண்டுவந்த மனைவி, கணவரின் கண்கள் மஞ்சள் பூத்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறாள். அவரோ வலியுமில்லை, ஜுரமுமில்லை என்கிறார். துருவிக் கேட்டால், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திலும், மலம் களிமண்போல் வெளுத்தும் போவதையும், அரிப்பினால் இரவெல்லாம் தூக்கமில்லாததையும் சொல்கிறார். பிறகென்ன, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துப் பத்தியம் வைக்கிறார்கள். கிருமியினால் கல்லீரலுக்கு வரும் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடுவதால் அந்தப் பத்தியத்துக்குப் பெயர் கிடைத்தது; புற்று அடைத்ததனால் வரும் காமாலையோ அவ்விதம் இறங்குவதன்று. சஸ்திர சிகிச்சைக்கு உகந்த நாட்கள் இவ்வாறு வீட்டிலேயே கழிந்துபோவதை நினைக்கையில் என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது. வலியில்லாத காமாலையுடன் பித்தப்பை வீங்கிக் கையில் தட்டுப்பட்டால், அது கல்லினால் நேர்ந்திருப்பது அரிது என்று ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே என்ற சஸ்திர வைத்தியர் 1890-லேயே எழுதிவைத்தார்.

பரீட்சைகளின் எல்லை

வயிற்று ஸ்கேனில் குடல்வாயு கணையத்தை மறைத்துவிடக்கூடும். ஆகையால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனும், எண்டாஸ்கோப்பி வழியே செய்யும் ஸ்கேனும் தேவையாகின்றன. சி.ஏ. 19-9 என்னும் இரத்தப் பரீட்சையோ சாதாரணப் பித்த அடைப்பிலும் உயர்ந்துவிடும். அப்பரீட்சை அளக்கும் பொருள் பிறவியிலேயே உண்டாகாத சிலரிடம் புற்றிருந்தும் உயராது. எனவே எல்லோருக்கும் பொதுவாகச் செய்யத்தக்க முன்சோதனை ஏதுமில்லை. குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களும், 50 வயதுக்குமேல் உடல் இளைப்புடன் புதிதாகச் சர்க்கரை வியாதி வந்தவர்களும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும் கணையக் கல் நோயாளிகளும் வைத்தியரிடம் அதைச் சொல்லி ஆலோசனை பெறவேண்டும்.

சிகிச்சை

நோய் தெரியவரும்போது நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கே சஸ்திர சிகிச்சை சாத்தியமாகிறது. 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் வெளியிட்டு, இன்றும் அவர் பெயரால் வழங்கும் அம்முறையில், கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் அகற்றி, எஞ்சியவற்றைக் குடலோடு இணைக்கிறார்கள். புற்றைச் சுற்றி அடர்ந்திருக்கும் நார்த்திசு மருந்தை உள்ளே எளிதில் புகவிடுவதில்லை. எனினும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு வைத்தியர்கள், நோய் பரவியவர்களின் இடைநிலை ஆயுள் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக நீண்டதை 2011-ல் வெளியிட்டனர். சஸ்திர சிகிச்சைக்கு இடமில்லாதவர்க்கும், பித்தநாளத்தில் சிறு குழாயொன்றைப் பொருத்தினால், சில நாட்களில் மஞ்சள் இறங்கி, அரிப்பு அடங்கி, இராத் தூக்கம் திரும்புகிறது.