குட்டிக்குப் பால் ஊற்றுவதற்கு முன்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது, ஒரு தட்டில் பாலை ஊற்றி அதன் முன் வைப்பதுதான். ஆசையாகத்தான் வைக்கிறோம். குட்டியும் நக்கித் தீர்த்துவிடுகிறது. மறுநாள் காலையில் தண்ணீராகப் போகத் தொடங்கினால் வீடே பதறுகிறது.

பசும்பால் ஏன் சேர்வதில்லை

தாய்நாயின் பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புரதமும் கொழுப்பும் உண்டு. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகம். பால்குடி மறக்கும் வயதில் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுக்கிறது, கழிச்சல் பிடிக்கிறது. சின்ன உடம்பு என்பதால் சீக்கிரமே துவண்டுவிடும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. ஒரு மாதக் குட்டியை விற்க வருபவரிடம், "இன்னும் நாலு வாரம் தாயோடு இருக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

சோறும் கறியும் போதுமா?

நூறு கிராம் சோற்றில் மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது. தயிர்சாதம் மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு வயிறு நிறையும், தசை பிடிக்காது. "அப்படியானால் கறி போடுகிறேன்" என்று சிலர் மறுபக்கம் போகிறார்கள். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே தின்னும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். கால் வளையும், சின்னத் தாவலுக்கே எலும்பு முறியும்.

உடனே கால்சியம் டானிக் வாங்க ஓடவும் வேண்டாம். லேப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, மிகுதியான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளத் தெரியாது. அதுவும் எலும்பைக் கோணலாக்கும். வளர்ந்து முடியும்வரை, குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுச் சத்துத் தீனியைத் தருவதே பாதுகாப்பு என்பது என் முடிவு. வீட்டில்தான் சமைப்பேன் என்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேகவைத்த முட்டையையும் எலும்பு நீக்கிய கோழிக்கறியையும் இடையிடையே கொஞ்சம் தரலாம்.

எத்தனை வேளை

மூன்று மாதம்வரை நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். முதல் சில நாள் அது பழகிய உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்றுங்கள். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

தட்டில் விழக் கூடாதவை

பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பு ஊற்றிய மிச்சச் சோற்றில் இரண்டுமே இருக்கின்றன. சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கலாம்.

பூச்சி மருந்து

உருளைப்புழு தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே குட்டிக்கு வந்துவிடுகிறது. மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் உப்பித் தெரிந்தால் அது கொழுப்பாக இராது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து எட்டு வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து தேவை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ வைரஸ் தாக்கினால் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். குட்டி வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.